எலிஸ் பெர்ரி இரண்டையும் எப்படி விளையாடினார்? என் மகளை ஒன்றை விடச் சொல்கிறார்கள்

வெள்ளவத்தை_அம்மா
வெள்ளி இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை வாசித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு மனம் பொறுக்கவில்லை.

மகளுக்கு 15 வயது, தரம் 10. சின்ன வகுப்பிலிருந்தே பாடசாலை வலைப்பந்து அணியில் இருக்கிறாள், இப்போது சென்டர். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவளுடைய மாமா ஒரு பின்னேரம் கடற்கரைப் பக்கம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடக் கூட்டிப் போனார். அன்றோடு அதுவும் பிடித்துக்கொண்டது. இப்போது வார இறுதியில் ஒரு கழகத்தில் வேகப்பந்து வீசப் பழகுகிறாள். ஒரே பைக்குள் இரண்டு சோடி சப்பாத்து. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வலைப்பந்து, ஒன்பதரைக்குக் கிரிக்கெட், பின்னேரம் கணித டியூஷன்.

போன கிழமை பாடசாலையில் கூப்பிட்டு, "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருந்தால் இரண்டும் போய்விடும், மாத முடிவுக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றார்கள். கிரிக்கெட் பக்கமும் அதே பேச்சுத்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரவு படுக்கையில் போனை என்னிடம் நீட்டி, "அம்மா, இவ இரண்டும் விளையாடியிருக்கிறா, பாருங்கோ" என்றாள். பார்த்தால் எலிஸ் பெர்ரி, அவுஸ்திரேலியாவுக்குக் கிரிக்கெட்டும் உதைபந்தும் ஆடியவராம்.

எனக்குக் கிரிக்கெட் அவ்வளவு தெரியாது. இவர் உண்மையிலேயே இரண்டையும் எவ்வளவு காலம் விளையாடினார்? கடைசியில் ஏன் ஒன்றை விட்டார்? பிள்ளையிடம் வெறும் ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உள்ளதைச் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

லெக்கட்டர்
வெள்ளி இரவு 10.05

அக்கா, வடிவாகக் கேட்டீர்கள். பெர்ரியை அவருடைய பதினாறு வயதிலிருந்து பின்தொடர்கிறவன் நான். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது சிட்னியில், 1990 நவம்பர் 3. 2007 ஜூலையில் டார்வினில் நியூசிலாந்துக்கு எதிராக அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணியில் முதல் ஆட்டம். அப்போது வயது 16, எட்டு மாதம். ஆண், பெண் இரு பக்கமும் சேர்த்து அவுஸ்திரேலியாவுக்காக ஆடியவர்களில் அவ்வளவு இளையவர் அதுவரை யாரும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை போகவில்லை, ஓகஸ்ட் 4ஆம் திகதி ஹொங்கொங்குக்கு எதிராகத் தேசிய உதைபந்தாட்ட அணியில் இறங்கினார். இரண்டாவது நிமிடத்தில் கோல். ஒரு மாதத்துக்குள் இரண்டு தேசிய அணி! பாடசாலைப் படிப்புக்கூட முடியவில்லை.

இதற்கு அடுத்து நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2010 மே, பார்படோஸ், உலக இருபதுக்கு 20 இறுதியாட்டம். அவுஸ்திரேலியா 106 ஓட்டங்கள்தான் எடுத்தது. கடைசி ஓவர் பெர்ரியின் கையில். கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு 5 ஓட்டம் வேண்டும், நான்கு போனால் சமநிலை. மட்டை பிடிப்பவர் சோஃபி டிவைன், அடிக்கக்கூடியவர். பந்து மட்டையில் சரியாகப் பட்டு நேராகத் திரும்பி வருகிறது, பெர்ரியைத் தாண்டினால் எல்லைக்கோடு. பந்துவீசி முடிந்து உடம்பு இன்னும் நிலைக்கு வரவில்லை, கை கீழே போக நேரமில்லை. வலது காலை நீட்டினார். பந்து சப்பாத்தில் பட்டு மிட் ஓன் பக்கம் திரும்பியது. ஒரு ஓட்டம். அவுஸ்திரேலியா 3 ஓட்டத்தால் கிண்ணம் வென்றது. 18 ஓட்டத்துக்கு 3 விக்கெட், ஆட்ட நாயகியும் அவரே.

பந்துவீசுபவர்கள் காலை நீட்டுவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். அநேகமாகக் கால் தவறிவிடும், இல்லாவிட்டால் அடிபட்டு நொண்டுவார்கள். அந்தக் கால் போன விதம் வேறு. உதைபந்தில் எதிராளியின் பாஸை மறிக்கிற கால் அது. காணொளி கிடைத்தால் மகளும் நீங்களும் சேர்ந்து பாருங்கள்.

இன்னொன்று. அந்தப் பந்தை அடித்த டிவைன் நியூசிலாந்துக்காக ஹொக்கியும் ஆடியவர். அதே அணியில் இருந்த சூசி பேட்ஸ், 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் நியூசிலாந்துக் கூடைப்பந்து அணியில் ஆடியவர். உங்கள் மகள் தனி ஆள் இல்லை அக்கா.

தெமட்டகொட_தம்பி
வெள்ளி இரவு 10.31

லெக்கட்டர் அண்ணா, உதைபந்து உலகக் கிண்ணத்தை விட்டுவிட்டீர்களே! 2011 ஜெர்மனி, கால் இறுதி, சுவீடனுக்கு எதிராக. கோர்னர் எடுத்த பந்து பெனால்டி பெட்டிக்கு வெளியே வருகிறது, பெர்ரி இடது காலால் ஒரே அடி, மேல் மூலையில் போய் நின்றது. ஆட்டம் 3க்கு 1 என்று தோல்விதான், ஆனால் அந்த கோல் அந்தப் போட்டித் தொடரிலேயே அழகான கோல்களில் ஒன்று. கிரிக்கெட் உலகக் கிண்ணத்திலும் உதைபந்து உலகக் கிண்ணத்திலும் ஆடிய முதல் அவுஸ்திரேலியர் அவர்தான். ஆண்களிலும் இல்லை.

கெத்தாராம_நினைவு
சனி காலை 6.48

நான் பெர்ரியை நேரில் பார்த்தவன். அதுவும் கெத்தாராமவில், எங்கள் பிரேமதாச மைதானத்தில்.

2012 ஒக்டோபர் 7. இரவு எங்களுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் உலக இருபதுக்கு 20 ஆண்கள் இறுதியாட்டம். அதே டிக்கெட்டில் பகலில் பெண்கள் இறுதியாட்டம், அவுஸ்திரேலியாவும் இங்கிலாந்தும். நண்பர்கள் எல்லோரும் ஐந்து மணிக்குப் பிறகு வருகிறோம் என்றார்கள். எனக்கு இடம் போய்விடும் என்ற பயம், மத்தியானமே போய்விட்டேன். அரைவாசி இருக்கை வெறுமை. கொடி விற்கிறவர்கள் வெளியே இருக்க, உள்ளே பந்து மட்டையில் படும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்த மைதானத்தில் அதை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அவுஸ்திரேலியா 142, இங்கிலாந்து 138. நான்கே நான்கு ஓட்டம். கடைசி ஓவரின்போது எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். இரவு ஆட்டம் எங்களுக்கு எப்படி முடிந்தது என்பதை எழுத இன்றைக்கும் கை வரவில்லை. 36 ஓட்டத் தோல்வி. அந்த நாளில் நான் சந்தோஷமாகப் பார்த்தது பகல் ஆட்டம்தான்.

பெர்ரியின் பெயருக்காக இதை எழுதவில்லை. அன்றைக்கு அவுஸ்திரேலியாவுக்கு 45 ஓட்டம் எடுத்துக் கொடுத்த ஜெஸ் கெமரன் பின்னர் 2017இல் அவர்களுடைய பெண்கள் அவுஸ்திரேலிய உதைபந்து லீக் (நீள்வட்டப் பந்தில் ஆடுவது, பெர்ரி ஆடிய உதைபந்து இல்லை) தொடங்கியபோது அதில் போய் ஆடினார், பிறகு ஜெஸ் டஃபின் என்ற பெயரிலும். அதாவது ஒரே பதினொருவரில் இரண்டு விளையாட்டுக்காரர் இரண்டு பேர், கெத்தாராமவில் என் கண் முன்னால். அப்போது எனக்கு அது தெரியாது.

போன வருடம், 2025 ஒக்டோபர் 4, பெண்கள் உலகக் கிண்ணத்தில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் அதே மைதானத்தில். பெர்ரியை மறுபடி பார்க்கலாம் என்று என் மகளையும் கூட்டிப் போனேன். ஒரு பந்துகூட வீசவில்லை, மழை. கொழும்பு ஒக்டோபரைப் பற்றி யாருக்குச் சொல்ல வேண்டும்?

கணக்குப்பிள்ளை
சனி காலை 8.20

எல்லோரும் நல்ல விஷயம் எழுதுகிறீர்கள். ஆனால் அக்கா கேட்ட இரண்டாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லை. அவர் கடைசியில் ஒன்றை விட்டார். அது ஏன்?

என் கருத்தை நேராகச் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். பெர்ரி மாதிரி ஆள் தலைமுறைக்கு ஒன்று. அவருக்கு மைதானம், உடற்பயிற்சி நிபுணர், மருத்துவர் எல்லாம் பக்கத்தில். எங்கள் பிள்ளை பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. எங்கள் சமூகத்தில் ஒரு பெண்பிள்ளை விளையாட்டை விடாமல் உயர்தரம் வரை கொண்டுபோவதே பெரும்பாடு. இரண்டு என்று நின்று, வீட்டில் களைப்பையும் பரீட்சை மார்க்கையும் காட்டி இரண்டையும் நிறுத்திவிட்டால்? ஒன்றைப் பிடித்தால் அதையாவது கடைசி வரை பிடிக்கலாம். அந்த டீச்சர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

லெக்கட்டர்
சனி காலை 9.02

கணக்குப்பிள்ளை அண்ணா கேட்டது சரி, நான் சொல்லியிருக்க வேண்டும்.

பெர்ரி உதைபந்தைக் குறைத்தது திறமை போதாமல் இல்லை. கலண்டர்தான் காரணம். 2007இல் இரண்டு பக்கமும் பெண்களுக்கு அது முழுநேரத் தொழில் இல்லை. உள்ளூர் உதைபந்து லீக் 2008இல்தான் தொடங்கியது. ஆட்டங்கள் குறைவு, நடுவில் மூச்சு விட இடம் இருந்தது. அவரும் ஓடி ஓடி இரண்டுக்கும் போனார். பிறகு இரண்டு விளையாட்டும் வளர வளர, ஒவ்வொன்றும் முழு ஆளையும் கேட்டது. கோடை காலத்தில் கிரிக்கெட்டும் உள்ளூர் உதைபந்தும் ஒரே மாதங்களில். 2012இல் கன்பரா கழகத்தை விட்டு சிட்னி கழகத்துக்குப் போனார். கன்பரா பக்கம் முழு ஈடுபாடு வேண்டும் என்றார்கள், சிட்னி பக்கம் கிரிக்கெட்டுக்கு இடம் விட்டார்கள். 2013க்குப் பிறகு தேசிய உதைபந்தாட்ட அணியில் அவர் ஆடவில்லை. 18 ஆட்டம், 3 கோலோடு நின்றது. கழக ஆட்டம் மட்டும் 2016 வரை.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் தேர்ந்தெடுத்த வயது. இருபதைத் தாண்டி, இரண்டிலும் உலகக் கிண்ணம் ஆடி, எது தனக்கு எவ்வளவு என்று உடம்பால் தெரிந்த பிறகு. 15 வயதில் யாரோ மாத முடிவு வைத்து இல்லை.

விட்ட பிறகு என்ன ஆனார் என்றும் பார்ப்போம். 2017 நவம்பரில் சிட்னியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 213. அவுஸ்திரேலியப் பெண் ஒருவர் டெஸ்டில் எடுத்த ஆகக் கூடிய ஓட்டம். 2019 ஜூலையில் கன்டபரியில் ஒருநாள் ஆட்டத்தில் 22 ஓட்டத்துக்கு 7 விக்கெட், இங்கிலாந்து 75க்குச் சுருண்டது. இப்படி இரண்டும் செய்த சகலதுறை ஆட்டக்காரர் ஆண்களிலேயே எத்தனை பேர்? 2011 முதல் 2020 வரையான பத்தாண்டின் சிறந்த வீராங்கனை என்று சர்வதேச கிரிக்கெட் சபை (ஐ.சி.சி.) கொடுத்த விருதும் அவருக்குத்தான். அந்த விருதின் பெயர் ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட். 1973இல் முதல் பெண்கள் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்துத் தலைவி. ஆண்கள் உலகக் கிண்ணம் தொடங்கியதே அதற்கு இரண்டு வருடம் கழித்து. அவரும் இங்கிலாந்துக்கு ஹொக்கி கோல்காப்பாளராக ஆடியவர்! இதை எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

முதுகு வலியும் காலும் அவரை விட்டு வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013 மும்பை உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் கணுக்கால் காயத்தோடு வந்தார். ஓடி வந்து பந்தை விடாமல் நின்றார், திரும்பிப் போனார், மறுபடியும் நின்றார். பிறகு வீசி 19 ஓட்டத்துக்கு 3 விக்கெட். 2020இல் தொடைத் தசை கிழிந்து, மெல்பேர்னில் 86,174 பேர் வந்த உலக இருபதுக்கு 20 இறுதியாட்டத்தை வெளியே இருந்து பார்த்தார். 2022இல் முதுகு. வேகப்பந்து வீசும் பிள்ளையின் அம்மாவுக்கு இதை மறைக்கக் கூடாது.

வலைப்பந்து_ஜி.ஏ.
சனி முற்பகல் 11.40

நான் இப்போது நாற்பதைத் தாண்டியவள். கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் வலைப்பந்தும் கூடைப்பந்தும் ஆடினேன். பெயர் வேண்டாம்.

16 வயதில் எனக்கும் இதே கதைதான். ஒன்றைத் தெரிவு செய் என்றார்கள். எனக்குக் கூடைப்பந்துதான் உயிர். ஆனால் வலைப்பந்து அணியில் கோல் அட்டாக் ஒருவரும் இல்லை என்று அதில் இருக்கச் சொன்னார்கள். சரி என்றேன், பெரியவர்கள் சொல்லை மீறிப் பழக்கமில்லை. அடுத்த வருடம் மாவட்டப் போட்டிக்கு முன் அணியை மாற்றினார்கள். எனக்கு இடமில்லை. கூடைப்பந்துக்குத் திரும்பிப் போனால் அங்கே என் இடத்தில் வேறு பிள்ளை. ஒரு வருடம் பந்து தொடாமல் இருந்தேன். பிறகு தொடவே இல்லை.

அந்தக் கோபம் இப்போது இல்லை. ஆனால் கடைசியாக ஆடிய கூடைப்பந்து ஆட்டத்தின் ஒவ்வொரு நிமிடமும் ஞாபகம் இருக்கிறது. அது கடைசி ஆட்டம் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால், முடிந்த பிறகு கொஞ்ச நேரம் கோர்ட்டிலேயே நின்றிருப்பேன்.

தங்கச்சி, உங்கள் மகளிடம் கேளுங்கள், எந்த ஆட்டத்துக்குப் போகும் காலையில் அவள் தானாக எழும்புகிறாள் என்று. பதில் "இரண்டுக்கும்" என்றால், அதை நம்புங்கள்.

பி.டி._டீச்சர்
சனி பின்னேரம் 4.15

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை நான். கொட்டாஞ்சேனைப் பக்கம் முப்பது வருடம் விசில் ஊதியவள். மேலே தங்கச்சி எழுதியதை வாசித்து மனசு கனத்துப் போனது. நானும் பிள்ளைகளை ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். எல்லாத் தடவையும் சரியாகச் சொன்னேன் என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

இப்போது உடம்பு விஷயம். இரண்டு விளையாட்டு என்பதால் மட்டும் பிள்ளைக்குக் காயம் வருவதில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதாலும், மொத்தச் சுமை கூடுவதாலும், ஓய்வு இல்லாததாலும் வருகிறது. சின்ன வயதில் ஒரே விளையாட்டில் வருடம் முழுக்க நிற்கிற பிள்ளைகளுக்குத்தான் தேய்மானக் காயம் கூடுதல் என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த வகையில் இரண்டு இருப்பது நல்லதே.

ஆனால் உங்கள் மகளின் இரண்டும் எப்படிப்பட்ட இரண்டு என்று பார்க்க வேண்டும். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவுடன் நிற்க வேண்டும், அடி வைத்து ஓட முடியாது. ஓடுகிற வேகம் முழுவதையும் ஒரு முழங்கால் வாங்கி அடக்குகிறது. சென்டர் ஆட்டக்காரி அதை ஒரு ஆட்டத்தில் எத்தனை தரம் செய்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். வேகப்பந்து வீச்சில் முன்கால் தரையில் குத்தும்போது உடம்பு நிறையின் பல மடங்கு அந்தக் காலில் இறங்குகிறது, அதே நேரத்தில் இடுப்பு முறுக்குகிறது. கீழ் முதுகு எலும்பு 15 வயதில் இன்னும் முற்றவில்லை. பெர்ரியின் முதுகு பற்றி லெக்கட்டர் எழுதியது அதனால்தான் முக்கியம். அவள் ஒன்றில் மட்டையாளராகவோ சுழல் பந்து வீச்சாளராகவோ இருந்தால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு முழங்கால், ஒன்பதரைக்கு முதுகு, இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணித்தியாலம், எத்தனை ஓவர், எங்கே நோ, வலி என்று பிள்ளையே எழுதட்டும். கிழமைக்கு மொத்த மணித்தியாலம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது. 15 வயதுக்கு 15. கிழமையில் ஒரு நாளாவது எதுவுமே வேண்டாம். கீழ் முதுகில் நோ என்று சொன்னால் எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தக் கொப்பியோடு போய் இரண்டு பயிற்றுநர்களையும் பாருங்கள். நான் பார்த்த வரையில் பள்ளிக்கூடப் பயிற்றுநருக்குக் கழகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது, கழகத்துக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. இருவரும் தங்கள் பங்கை மட்டும் பார்த்து "இது அதிகம் இல்லையே" என்பார்கள். கூட்டிப் பார்க்கிற ஒரே ஆள் பிள்ளையின் உடம்பு.

தெமட்டகொட_தம்பி
சனி இரவு 7.50

டீச்சர், ஆஷ் பார்ட்டி பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அவர் ஒரே நேரத்தில் இரண்டு இல்லை, ஒன்றை விட்டு மற்றதுக்குப் போய்த் திரும்பி வந்தவர். 2014இல் டென்னிஸ் போதும் என்று நிறுத்தி, 2015 கடைசியில் பிரிஸ்பேன் ஹீட்டுக்குக் கிரிக்கெட் ஆடினார். முதல் ஆட்டத்திலேயே 27 பந்தில் 39. 2016இல் டென்னிஸுக்குத் திரும்பி, 2019இல் உலக முதலிடம், 2021இல் விம்பிள்டன், 2022இல் அவுஸ்திரேலிய ஓப்பன். ஓய்வு எடுத்ததால்தான் வென்றார் என்று என் நண்பன் சொல்கிறான்.

பி.டி._டீச்சர்
சனி இரவு 8.22

தம்பி, அப்படி நேராகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் திரும்பி வரும்போது கதவு திறந்திருந்தது. மேலே தங்கச்சிக்கு அது இல்லாமல் போனது. அதை மட்டும் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை
சனி இரவு 9.10

டீச்சர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் "ஒன்றைப் பிடி" என்றது பிள்ளை களைத்துப் போவாள் என்ற கவலையில். களைப்பைக் கணக்குப் போட்டுக் குறைக்கலாம் என்றால் என் வாதத்தில் பாதி போய்விட்டது. பரீட்சை விஷயத்தில் மட்டும் நான் அசைய மாட்டேன். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்னர் ஏதாவது ஒன்றிலிருந்து விடுப்பு எடுக்க வேண்டும், அதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. இடம் போகாது என்ற உறுதியோடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீட்டில் தர்ஜினி சிவலிங்கத்தின் படம் சுவரில் இருக்கிறது, என் மகள் ஒட்டியது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்து அணியின் கோல் ஷூட்டர். அவர் வலைப்பந்தில் நின்று அந்த உயரத்துக்கு வந்தார். ஒன்றில் நிற்பது குறைந்த வழி என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

லெக்கட்டர்
சனி இரவு 9.33

அது முழுக்கச் சரி அண்ணா. தர்ஜினிக்கு யாரும் மாத முடிவு வைக்கவில்லை, அவர் விரும்பி நின்றது. பிள்ளை விரும்பி நின்றால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

வெள்ளவத்தை_அம்மா
அடுத்த வியாழன் இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பிந்திவிட்டது, கொப்பி நிரம்பட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர், உங்கள் கணக்குப்படி கூட்டினோம். வலைப்பந்து 8 மணித்தியாலம், கிரிக்கெட் 7, வெள்ளிக்கிழமை உடற்பயிற்சி 2. மொத்தம் 17. நான் அதிர்ந்துவிட்டேன். இத்தனை நாள் என் கண் முன்னாலேயே நடந்தது, ஒரு நாளும் கூட்டிப் பார்க்கவில்லை. "எங்கே நோ" என்ற இடத்தில் திங்கட்கிழமைக்கு நேரே "இடது முழங்கால், கொஞ்சம்" என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். என்னிடம் அவள் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஒன்றை நிப்பாட்டிப் போடுவீங்கள்" என்றாள். நேற்று மருத்துவரிடம் காட்டினேன், பயப்பட ஒன்றுமில்லை, பத்து நாள் ஓட வேண்டாம் என்றார்.

கொப்பியோடு முதலில் பாடசாலைக்குப் போனேன். டீச்சர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். முழங்கால் என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கழகத்துக் கோச்சின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். நான் பக்கத்தில் இருக்கும்போதே எடுத்துக் கதைத்தார். இரண்டு வருடமாக ஒரே பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கிற இரண்டு பேர் அன்றைக்குத்தான் முதல் தடவை கதைத்தார்கள்.

இப்போதைக்கு முடிவு: சனிக்கிழமை காலை வலைப்பந்து அவளுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை உடற்பயிற்சி இல்லை, அன்றைக்கு முழு ஓய்வு. மொத்தம் 13 மணித்தியாலம் வருகிறது. அடுத்த தவணை முடிவில் மறுபடி பார்ப்போம் என்றார்கள், மாத முடிவு என்ற பேச்சு வரவில்லை. கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன பரீட்சை விடுப்பையும் கேட்டேன். பாடசாலைப் பக்கம் சரி, கழகப் பக்கம் "பார்ப்போம்" என்றார்கள். அதை நான் விடப் போவதில்லை.

வலைப்பந்து அக்கா, நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவள் யோசிக்காமல் "இரண்டுக்கும்தான்" என்றாள். பார்படோஸ் கடைசிப் பந்தையும் பார்த்தோம், ஒரு பத்துத் தரமாவது. ஒவ்வொரு தரமும் அந்தக் கால் நீளும் இடத்தில் நிறுத்தி, "பாருங்கோ, இங்கதான்" என்று காட்டுகிறாள்.

ஒரு சின்ன உதவி. மருத்துவர் அவளுடைய பந்துவீச்சுச் சப்பாத்தின் குதி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்றார். பெண்பிள்ளைகளின் அளவில், இலக்கம் 5, கொழும்பில் தேடிக் களைத்துவிட்டேன். எங்கே போனாலும் பெரிய அளவு ஆண்கள் சப்பாத்துத்தான்.

கெத்தாராம_நினைவு
வியாழன் இரவு 10.20

தங்கச்சி, வாங்க வேண்டாம். என் மகளுக்குப் போன வருடம் வாங்கிய சோடி அப்படியே இருக்கிறது, இலக்கம் 5. நாலு மாதத்தில் கால் வளர்ந்துவிட்டது, குதி தேயவே இல்லை. ஞாயிறு காலை வெள்ளவத்தை மார்க்கெட் பக்கம் வருவேன், மனைவியும் வருகிறார். தனி மடலில் நேரம் சொல்லுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், போட்டுப் பார்க்கட்டும்.